ஜலந்தர்காரங்களுக்குப் பதில் வணக்கம் எப்படிச் சொல்ல?

பாளை கடைக்காரன்:
விளையாட்டுச் சாமான் கடை. பஞ்சாப் ஜலந்தர்ல இருந்து ரெண்டு சப்ளையர் வாராவ. ஒருத்தர்ட்ட "சத் ஸ்ரீ அகால்"னு சொன்னா அதையே திருப்பிச் சொல்லுதாரு. தலைப்பா கட்டாத இன்னொருத்தர் "ஜெய் குருதேவ்"ங்காரு. அதுக்கு என்ன பதில்? ரெண்டும் ஒண்ணுதானா?

ஆத்தங்கரை:
வேற வேற, அண்ணாச்சி. ஜலந்தர் ஆளு "ஜெய் குருதேவ்"னா பெரும்பாலும் ரவிதாசியர், அதாவது பக்திக் கவி குரு ரவிதாஸைக் கும்பிடுதவரு. பதில் "தன் குருதேவ்". நம்ம ஊருல ஸ்தோத்திரம்னா ஸ்தோத்திரம்தான் பதில். சலாமுக்கு "வ அலைக்கும் ஸலாம்"னு மாத்திச் சொல்லணும். சீக்கிய வணக்கம் முதல் வகை, ரவிதாசியர் வணக்கம் ரெண்டாவது வகை. வாழும் கலைக்காரங்களும் "ஜெய் குருதேவ்" சொல்லுவாவ, அதைப் போட்டுக் குழப்பிக்காதீங்க.

மேலரதவீதி:
"அகால்"ல "கா"வை நல்லா நீட்டிச் சொல்லுங்க. அகால மரணம்ங்கிற அகாலம் இல்ல இது. காலத்துக்குக் கட்டுப்படாதவன்னு அர்த்தம். அமிர்தம் எடுத்த, அதாவது தீட்சை வாங்குன சீக்கியர்னா முழு வணக்கம்: "வாஹேகுரு ஜீ கா கால்சா, வாஹேகுரு ஜீ கீ ஃபதே". வாஹேகுருன்னா கடவுள், கால்சான்னா அமிர்தம் எடுத்த சீக்கியர் கூட்டம். கால்சாவும் வாஹேகுருவோடது, வெற்றியும் அவரோடது. 1699 வைசாகித் திருநாள்ல கால்சா உருவானதோட சேர்ந்த வாக்கு. நம்மாளுக ரெண்டு இடத்துலயும் "கா" போட்டுருவாவ. கால்சா ஆண்பால், அதனால "கா". ஃபதே பெண்பால், அதனால "கீ". பதிலும் இதே வரிதான், பாதியில நிறுத்தக் கூடாது. "போலே ஸோ நிஹால்" வணக்கமே இல்ல, முழக்கம். கூட்டத்துல ஒருத்தர் எடுத்துக் கொடுப்பாரு, மத்தவங்க "சத் ஸ்ரீ அகால்"னு முடிப்பாவ. கடை வாசல்ல அதைக் கத்தாதீங்க.

பாளை கடைக்காரன்:
அப்ப தலைப்பா இருந்தா சத் ஸ்ரீ அகால், இல்லன்னா நானே முந்தி ஜெய் குருதேவ்னு சொல்லிரலாமா?

ஆத்தங்கரை:
அந்தக் கணக்கே வேண்டாம். தலைப்பா கட்டுத ரவிதாசியரும் உண்டு, முடி வெட்டுன சீக்கியரும் உண்டு. குரு ரவிதாஸ் பாடல் சுமார் 40 சீக்கியரோட புனித நூலான குரு கிரந்த சாகிப்லயே இருக்கு. ஜலந்தர் பக்கம் பல்லான்ல ரவிதாசியர் மடம் ஒண்ணு இருக்கு, டேரான்னு சொல்லுவாவ. 2009ல வியன்னாவுல அந்த மடத்துச் சாமியார் சந்த் ராமானந்த் கொல்லப்பட்ட பிறகு, 2010 ஜனவரி 30ல காசியில பல்லான் டேராக்காரங்க ரவிதாசிய மதம்னு தனியா அறிவிச்சு, ரவிதாஸ் பாடல்களைத் தொகுத்த அமிர்தபாணியைப் புனித நூலா வச்சாவ. எல்லாரும் அவங்க பின்னால போகல. குரு கிரந்தத்தை வச்சே கும்பிடுத ரவிதாஸ் கோயில்கள் இன்னும் இருக்கு. ஒரே வீட்டுல ரெண்டு வணக்கமும் கேக்கும்.

அதோட, ரவிதாஸ், தீண்டாமைக்கு ஆளான சமார் சாதியில பிறந்தவர். அவர் பேரைச் சொல்லி வாரவங்கள்ல பெரும்பாலானவங்களும் அதே சாதி. ஆளைப் பாத்து நீங்களா "ஜெய் குருதேவ்"னா, முகத்துக்கு நேரா "நீ என்ன ஆளுக?"ன்னு கேட்ட மாதிரி ஆயிரும். கைகூப்பி "நமஸ்தே ஜீ" சொல்லுங்க. அவரு எதைச் சொல்லுதாரோ அதுக்கு உண்டான பதிலைக் கொடுங்க.

மேலரதவீதி:
"தன் குருதேவ்"ல வார "தன்" என்னன்னா, தன்யன்னு சொல்லுதோம்லா, அந்தத் தன்.