கிழங்கின் நடுவில் மட்டும் ஏன் நுரை வருகிறது?

வணக்கம் நண்பர்களே. பதினோராம் வகுப்புக்கு நொதிகள் நடத்துகிறேன். சூட்டில் நொதி செயலிழப்பதைக் கண்ணால் காட்ட உருளைக்கிழங்கை எடுத்தேன். பச்சைத் துண்டின் மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டு சொட்டு விட்டால் வெள்ளை நுரை பொங்குகிறது. கிழங்கிலுள்ள காட்டலேஸ் என்ற நொதி அதைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கிறது. பத்து நிமிடம் கொதிக்கவைத்த துண்டில் ஒன்றும் இல்லை. இதுவரை சரி.

70 டிகிரி வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்த துண்டுதான் படுத்துகிறது. குறுக்கே வெட்டினால் ஓரம் அடங்கிக் கிடக்கிறது, நடுவில் மட்டும் நுரை. உள்ளே சூடு போய்ச் சேரவில்லை போல. அரைத்து வடிகட்டிய சாறாக எடுக்கலாமா? வாட்டர் பாத் இல்லாத பள்ளியில் வெந்நீரை ஒரே சூட்டில் எப்படி வைத்திருக்கிறீர்கள்?

அப்புறம், "ஆறவைத்தால் திரும்ப வேலை செய்யுமா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நொதி ஒரு புரதம், சூட்டில் அதன் அமினோ அமிலச் சங்கிலி அறுவதில்லை, அதை மடித்துப் பிடித்திருக்கும் மெல்லிய பிணைப்புகள்தான் விட்டுப்போகின்றன என்றேன். "அப்படியென்றால் ஏன் திரும்ப மடியாது?" என்றாள். எவ்வளவு நல்ல கேள்வி! அவிழ்ந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதை, வெந்த முட்டை வெள்ளைக்கருவைக் காட்டி விளக்கினேன். ஆனால் மடிப்பு குலைந்த ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதி தானாகத் திரும்ப மடிவதைக் காட்டித்தானே விஞ்ஞானி ஆன்ஃபின்சன் 1972-ல் நோபல் பரிசு பெற்றார்? இந்த இரண்டையும் குழப்பாமல் வகுப்பில் எப்படிச் சொல்வது? செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள், திங்கட்கிழமை வகுப்பு இருக்கிறது.