எந்தக் கிழமை பிறந்தாய் என்று கேட்டார்கள்

அக்ராவாசி:

பதினொரு வருஷமாக கானாவில், தலைநகர் அக்ராவில் இருக்கிறேன், சொந்த ஊர் திருநெல்வேலி. வீட்டுக்காரர் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்த கறுப்பினத்தவர். அவருக்கு இங்கே ஒரு குடும்பம் சடங்கு செய்து புதுப் பேர் வைத்த கதையை எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

அவருக்கு முன்பே ஓர் ஆப்பிரிக்கப் பேர் இருந்தது. கல்லூரி நாளில் கானாவின் முதல் அதிபர் குவாமே நிக்ரூமாவைப் பற்றிப் படித்துவிட்டுத் தனக்குத் தானே குவாமே என்று வைத்துக்கொண்டார். கிட்டத்தட்ட இருபது வருஷம் நண்பர்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், எங்கள் கல்யாணப் பத்திரிகையிலும் அதுதான். இங்கே குடிவந்த முதல் மாதம், ஹவுஸ் ஓனர் அம்மா வாசலில் உட்கார்ந்து வாழைக்காய் நறுக்கிக்கொண்டே, "குவாமேயா, அப்போ சனிக்கிழமை பிறந்தாயா?" என்று கேட்டார். இவருக்குத் தெரியவில்லை. போனில் 1978 மார்ச் 14 என்று போட்டுப் பார்த்தால் செவ்வாய்க்கிழமை.

"அப்போ நீ குவாபெனா" என்றார், நறுக்குவதை நிறுத்தாமலே.

அந்த அம்மாவின் இனமான அக்கான் மக்களிடம் முதல் பேரை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. பிறந்த கிழமையோடு அது வந்துவிடுகிறது, உயிரின் பேர் என்பார்கள். வெள்ளி என்றால் பையன் கோஃபி, பெண் அஃபுவா. ஞாயிறு என்றால் குவாசி, அகோசுவா. எங்கள் ஆச்சி நட்சத்திரம் கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேசுவாள், அதனால் எனக்கு இது சட்டென்று புரிந்தது. அவருக்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை. "பூட்டன் பேரை எவனோ பிடுங்கிக்கொண்டு தோட்ட முதலாளி பேரைக் கொடுத்தான். நானாக ஒன்றைத் தேடி எடுத்தேன், அதுவும் என்னுடையது இல்லையாம்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை, என்ன சொல்வது.

முறைப்படி பேர் வைக்கும் சடங்கு நடக்க எட்டு மாதம் ஆனது. ஹவுஸ் ஓனர் அம்மாவின் அண்ணன்தான் குடும்பத் தலைவர், 'அபுசுவாபனின்' என்பார்கள். அவர் குமாசி நகருக்கு வடக்கே மாம்போங் பக்கம் கிராமத்தில் இருந்தார், அவர் சம்மதிக்க வேண்டும், மற்றப் பெரியவர்களும் சம்மதிக்க வேண்டும். பேர் கொடுத்தால் அந்த ஆள் அந்தக் குடும்பத்தில் ஒருவன், நாளைக்கு ஒரு சாவு விழுந்தால் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு வந்து நிற்க வேண்டும், செலவில் பங்கு போட வேண்டும். இதையெல்லாம் முதலிலேயே தெளிவாகச் சொன்னார்கள். குழந்தைக்கு எட்டாம் நாள் விடியலில் செய்வது, இவருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் செய்தார்கள். ஒரே மாதிரி இரண்டு கண்ணாடித் தம்ளர், ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் ஷ்னாப்ஸ் என்கிற மது. இரண்டும் ஒரே நிறம், பார்த்தால் வித்தியாசமே தெரியாது. பெரியவர் விரலை நனைத்து இவர் நாக்கில் சொட்டு வைத்து, "தண்ணீர் என்று சொன்னால் தண்ணீராகவே இருக்கட்டும்" என்றார், மூன்று தடவை. அப்புறம் மதுவுக்கும் அதே மாதிரி மூன்று தடவை. பார்க்க ஒன்றுபோல இருப்பதைக்கூடப் பிரித்து, உண்மையைச் சொல்கிறவனாக இரு என்பதுதான் பொருள். மிச்ச மதுவைத் தரையில் ஊற்றி முன்னோரை அழைத்தார்கள். குவாபெனாவோடு, இறந்துபோன தம்பியின் பேரையும் பெரியவர் சேர்த்துக் கொடுத்தார். அது குடும்பத்துப் பேர், இங்கே எழுதவில்லை.

2019-ஐ 'திரும்பி வரும் ஆண்டு' என்று கானா அரசாங்கமே அறிவித்ததும், இவரைப் போல அடிமைகளின் வழிவந்தவர்கள் நிறைய பேர் வந்தார்கள், அந்த வருஷம் நவம்பரில் 126 பேருக்குக் குடியுரிமையும் கொடுத்தார்கள். சுற்றுலா பஸ்ஸில் வந்து இறங்கி, வரிசையாக நின்று பேர் வாங்கிக்கொண்டு சாயங்காலமே கிளம்புகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அழுதுகொண்டு நிற்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் மறுநாள் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட ஒரு வீடு வேண்டும், அதை அவசரத்தில் மறந்துவிடுகிறார்கள்.

லண்டன் நர்ஸ்:

என்னோடு வேலை பார்க்கும் அக்காவின் பெற்றோர் ஜமைக்காக்காரர்கள். சின்ன வயசில் ஏதாவது தப்புச் செய்தால் பாட்டி "குவாஷி" என்று திட்டுவாராம், மடையன் என்று அர்த்தம். அக்ராவுக்குப் போனபோதுதான் அது ஞாயிற்றுக்கிழமைப் பேரான குவாசி என்று அவருக்குத் தெரிந்தது. அடிமைகளாகக் கொண்டுபோனவர்களின் பேர் அந்தத் தீவில் அழியாமல் இருந்திருக்கிறது, வசையாகத்தான் இருந்திருக்கிறது. 1739-இல் பிரிட்டிஷ்காரர்களை உடன்படிக்கைக்கு இறங்கிவர வைத்த, தப்பியோடிய அடிமைகளான மரூன்களின் தலைவர் கஜோவின் பேரும் கோஜோ என்கிற திங்கட்கிழமைப் பேர்தானே. அக்காவும் ஞாயிற்றுக்கிழமை பிறந்தவர். இப்போது வார்டில் பேட்ஜிலேயே அகோசுவா என்று போட்டிருக்கிறார்.

முன்பு இபாதானில் இருந்தவன்:

எண்பதுகளில் நைஜீரியாவின் இபாதான் நகரில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். அங்குள்ள யொருபா மக்களின் வழக்கம் வேறு, அக்கான் மக்களைப் போல எல்லோருக்கும் கிழமைப் பேர் கிடையாது, பிறந்த சூழ்நிலையை வைத்துப் பேர். எங்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த ஒரு அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணுக்குப் பேர் வைத்தபோது கூப்பிட்டிருந்தார்கள். தேன், உப்பு, கோலா கொட்டை, தண்ணீர் என்று ஒவ்வொன்றாக எடுத்து வேண்டிக்கொண்டு நாக்கில் வைத்தார்கள். வந்தவர்கள் கிண்ணத்தில் காசு போட்டு ஆளுக்கொரு பேர் சொன்னார்கள். கடைசியில் நிலைத்தது தொகுன்போ, கடலுக்கு அப்பால் பிறந்து திரும்பி வந்த பிள்ளைக்கு வைக்கும் பேர். 1964-இல் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் இதே இபாதானுக்கு வந்தபோது மாணவர்கள் ஓமோவாலே என்று வைத்தார்கள், மகன் வீடு வந்துவிட்டான் என்று பொருள். திரும்பி வருகிறவர்களுக்கென்றே அந்த மொழியில் பேர் இருக்கிறது பாருங்கள், எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது.

ஒரு கேள்வி அம்மா, அவரைப் பெற்ற தாய் இதை எப்படி எடுத்துக்கொண்டார்?

அக்ராவாசி:

வருத்தம்தான் சார். "நான் வைத்த பேர் என்னடா தப்பு செய்தது?" என்று போனில் கேட்டார், இவரால் பதில் சொல்ல முடியவில்லை. பாஸ்போர்ட்டில் இன்றைக்கும் அத்தை வைத்த பேர்தான், மாற்றவில்லை.

மூன்று வாரம் கழித்து அத்தையே கூப்பிட்டார். வீட்டு பைபிளின் முதல் பக்கத்தில் தன் பிறந்த தேதியைத் தன் அம்மா பென்சிலில் எழுதி வைத்திருந்ததைப் படித்தார், 1949 ஜூலை 8. "இது என்ன கிழமை, பார்த்துச் சொல்" என்றார். வெள்ளி. பக்கத்தில் இருந்த ஹவுஸ் ஓனர் அம்மா போனை வாங்கி, "அஃபுவா!" என்று சத்தமாகக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "இருக்கேன்மா, இங்கேதான் இருக்கேன்" என்று அத்தையின் குரல் கேட்டது.