ட்ரொம்சோவில் முழுச் சந்திர கிரகணம் கண்ணில் படவேயில்லை: தவறு நேரக் கணக்கிலா, இடத்திலா?

கேள்வி:

வணக்கம். 2025 செப்டம்பர் 7 அன்று நிகழ்ந்த முழுச் சந்திர கிரகணத்தை வட நார்வேயின் ட்ரொம்சோவிலிருந்து பார்க்க முயன்று ஏமாந்தேன். முழுமறைவு உலக நேரப்படி 17:31 முதல் 18:53 வரை என்று குறித்துவைத்திருந்தேன். அங்கே கோடைக்கால நேரம் இரண்டு மணி முன்னால் ஓடுவதால் 19:31 முதல் 20:53 வரை என்று கணக்கிட்டு, 19:15 மணிக்கே தீவின் கிழக்குக் கரையில் முக்காலியை ஊன்றிவிட்டேன். வானத்தில் மேகமே இல்லை; ஆனாலும் நிலாவும் இல்லை. அது மலைமுகட்டுக்கு மேல் எட்டிப்பார்த்தபோது மணி 21:20. அதற்குள் இடப்பக்கம் பளிச்சென்று வெளுத்திருந்தது. கிரகண வரைபடத்தில் இந்தப் பகுதி ‘தெரியும்’ என்றே வண்ணமிடப்பட்டிருந்தது. நான் எங்கே தவறினேன்? 2028 டிசம்பர் 31 கிரகணத்துக்கு மறுபடியும் இங்கே வருவதில் பயனுண்டா?

பதில் 1:

உங்கள் நேரக் கணக்கில் பிழையில்லை. கிரகணத்தின்போது நிலா சூரியனுக்கு நேர் எதிரே இருக்கும் என்பதால், சூரியன் மறையும் வேளையில்தான் அது எழும். அன்று ட்ரொம்சோவில் நிலா எழுந்ததே ஏறக்குறைய 19:50 மணிக்கு. அதாவது முழுமறைவு தொடங்கி இருபது நிமிடம் கழிந்த பிறகு. நிலநடுக்கோட்டருகே என்றால் அடுத்த ஒரு மணி நேரத்தில் அது 15 பாகை செங்குத்தாக ஏறியிருக்கும். 69.6 பாகை வட அட்சத்திலோ அடிவானத்தை ஒட்டிச் சாய்வாகவே நகரும். மணிக்கு 5 பாகை ஏறினாலே பெரிது. முழுமறைவு முடிந்தபோது அது 5 பாகைக்கும் குறைவான உயரத்தைத்தான் எட்டியிருந்தது. கையை முழுவதும் நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் மறைவது சுமார் 10 பாகை. அதில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். நகருக்குத் தென்கிழக்கே 1238 மீட்டர் உயர ட்ரொம்ஸ்டால்ஸ்டின்டன் மலை நிற்கும்போது, இந்த உயரம் எந்த மூலைக்கு?

மலை இல்லாத திறந்த கடல்வெளியில் நின்றிருந்தாலும் நிச்சயம் பார்த்திருப்பீர்கள் என்று சொல்லமாட்டேன். சூரியன் மறைந்தது 20 மணியை ஒட்டித்தான். முழுமறைவின் கடைசி நொடியிலும் அது அடிவானத்துக்குச் சுமார் 5 பாகைதான் கீழே போயிருந்தது. அவ்வளவு வெளிச்சமான அந்திவானத்தில், பூமியின் நிழலுக்குள் மங்கிச் செம்பாகிப்போன நிலாவைத் தேடுவது வீண் முயற்சி. நிலா அடிவானத்துக்கு மேலே இருக்கிறதா என்பதை மட்டுமே அந்த வரைபடங்கள் சொல்லும். மலையும் அந்தி வெளிச்சமும் அவற்றுக்குத் தெரியாது.

பதில் 2:

2028-ஐப் பற்றிய கேள்விக்கு நான் பதில் தருகிறேன். வடக்கே செல்லச் செல்ல, கிரகணம் எந்த மாதத்தில் வருகிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கோடையில் சூரியன் மறையாத ஊரில் அதற்கு எதிரே இருக்கும் முழுநிலா எழாது. குளிர்காலத்தில் சூரியன் எழாதபோது முழுநிலா மறையாது. அதே ஆண்டில் இரண்டுக்கும் உதாரணம் இருக்கிறது: 2028 ஜூலை 6 பகுதிக் கிரகணத்தன்று ட்ரொம்சோவில் நிலா எழவே எழாது, டிசம்பர் 31 அன்றோ நாள் முழுவதும் அடிவானத்துக்குக் கீழே இறங்காது. அன்று முழுமறைவு உள்ளூர் நேரப்படி சுமார் 17:16 முதல் 18:28 வரை நீடிக்கும்; நடுப்பொழுதில் நிலா கிழக்கே ஏறக்குறைய 22 பாகை உயரத்தில், நன்றாக இருண்ட வானில் இருக்கும். உங்களை ஏமாற்றிய மலைமுகட்டுக்கு மேல் அது தாராளமாகவே நிற்கும்.

கேட்டவர்:

மிக்க நன்றி. அப்படியானால் 2026 ஆகஸ்ட் 28 பகுதிக் கிரகணத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லையா? டிசம்பர்க் குளிரில் கேமராவை எப்படிக் காப்பது?

பதில் 2:

ஆகஸ்ட் கிரகணத்துக்காகப் பயணச்சீட்டு எடுக்காதீர்கள். பூமியின் கருநிழல் (நடுவிலுள்ள அடர்ந்த நிழல்) நிலாவைத் தொடுவது அங்கே அதிகாலை 4:34 மணிக்கு; அரை மணி ஆவதற்குள் நிலா மறைந்துவிடும். ஓரத்தில் சிறு கடி விழுந்தாற்போல் தெரிந்தால் அதுவே அதிகம்.

குளிரில் முதலில் கைவிடுவது மின்கலம்தான். இரண்டு உபரி மின்கலங்களைச் சட்டைக்குள், உடம்புச் சூடு படும்படி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். வில்லையின் மீது மூச்சுக்காற்று படவிடாதீர்கள். பட்ட இடத்தில் உறைபனி படியும், துடைத்தால் இன்னும் பரவும். வேலை முடிந்ததும் கேமராவை வெளியிலேயே காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அதன் பிறகே கதகதப்பான அறைக்குள் கொண்டுபோய், பையைத் திறக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் விட்டுவிடுங்கள். நான் ஒருமுறை அவசரப்பட்டு உடனே திறந்து, கண்ணாடிக்குள்ளே ஈரம் கோத்து, மறுநாள் மாலை வரை எதையும் எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

பதில் 1:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ட்ரொம்சோ கடலோர நகரம், மேகத்துக்குப் பஞ்சமில்லை. ஆகவே விடுதியை நகரத்தில் எடுத்தாலும், அன்று பிற்பகல் வானிலையைப் பார்த்து, பின்லாந்து எல்லையை நோக்கிய உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளுக்குச் செல்ல வண்டி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். அங்கே நின்றாலும் கிழக்குத் திசை திறந்திருக்கிறதா என்பதை முந்தைய நாளே முஷ்டியை நீட்டிப் பார்த்துவிடுங்கள். ஒன்றரை முஷ்டி உயரத்துக்குள் மலை அடங்கினால் போதும்.