க்ரஷ் டெப்த்: நொறுங்காழமா, நசுங்கும் ஆழமா?

மொழிபெயர்ப்பாளர், கோவை:

குழுவினருக்கு வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கட்டுரையைக் கொடுத்தாக வேண்டும். 1981இல் வந்த ஜெர்மன் படம் ‘டாஸ் பூட்’ எவ்வளவு உண்மை என்பது பற்றியது. யூ-96 நீர்மூழ்கியின் நிஜத் தளபதி லேமன்-வில்லன்பிராக் படத்துக்கு ஆலோசகர். 1941இல் அதே கப்பலில் செய்தியாளராகப் போய்வந்து மூல நாவலை எழுதிய புக்ஹைமோ, நடிப்பு மிகை என்று குறைபட்டார். இதுவரை எழுதிவிட்டேன். ‘க்ரஷ் டெப்த்’, அதாவது நீரழுத்தம் தாங்காமல் நீர்மூழ்கியின் எஃகுக் கூடு சிதையும் ஆழம், என்ற ஆங்கிலச் சொல் வந்ததும் நின்றுவிட்டேன். ஜிப்ரால்டர் அருகே கப்பல் 280 மீட்டரில் தரைதட்டுகிறதே, அந்தக் காட்சியின் அச்சம் முழுவதும் இந்தச் சொல்லில்தான் இருக்கிறது. ‘நொறுங்காழம்’ சரியா?

தமிழாசிரியர், தஞ்சை:

மிகச் சரி. குற்றியலுகரம் கெட்டுப் புணர்ந்த வினைத்தொகை. ஊறுகாய், சுடுகாடு போல முக்காலமும் காட்டும். நொய், நொய்மை, நொறுங்கு எல்லாம் ஒரே வேர் என்பது என் துணிபு. ‘நொறுங்கத் தின்றால் நூறு வயது’ என்று பாட்டிமார் வாயில் புழங்கும் சொல்தானே!

பள்ளி ஆசிரியை, மதுரை:

ஐயா, ஒன்பதாம் வகுப்பில் இந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதிப் பொருள் கேட்டேன். பாதிப் பேர் ‘நொறுங்காத ஆழம்’ என்றார்கள். நேர் எதிர்ப் பொருள்! ஆபத்தைச் சொல்ல வந்த சொல் பாதுகாப்பைச் சொன்னால் எப்படி?

தமிழாசிரியர், தஞ்சை:

அம்மா, எதிர்மறை என்றால் உடம்படுமெய் பெற்று ‘நொறுங்காவாழம்’ என்றுதான் வரும். மயக்கம் சொல்லில் இல்லை. பிள்ளைகளுக்குப் புணர்ச்சியைச் சொல்லிக்கொடுப்போம். வேண்டுமானால் ‘அமுங்காழம்’ என்று வைக்கலாம். ‘ஆழ அமுக்கி முகக்கினும் ஆழ்கடல்நீர்’ என்று ஔவையே கடலையும் அமுக்கத்தையும் ஒரே அடியில் வைத்திருக்கிறாள்.

மதுரை:

அதிலும் அதே ‘ங்கா’ இருக்கிறது ஐயா. தவிர, ஔவை அங்கே அமுக்குவது நாழி என்ற அளவுப்படியை.

ஓய்வுபெற்ற கடற்படைக்காரர், தூத்துக்குடி:

நான் பழைய சோவியத் ஃபாக்ஸ்ட்ராட் வகை நீர்மூழ்கியில் இருந்தவன். விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கும் குர்சுரா அந்த வகைதான். இலக்கணம் எனக்குத் தெரியாது, பார்த்ததைச் சொல்கிறேன்.

மேலே இருக்கும்போது கூட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒரு நூலை விறைப்பாகக் கட்டுவோம். கீழே போகப் போக நூல் தொய்யும். எஃகுக் கூடே சுருங்குகிறது! பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 280 மீட்டர் என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் சுமார் 28 கிலோ. எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்துவதால் கூடு முதலில் நசுங்கும். உடைவதெல்லாம் அப்புறம்தான். அதனால் ‘நசுங்கு’ என்பதே என் கட்சி.

படத்தில் கூடு முனகும் சத்தம் அப்படியே உண்மை. ஐம்பது பேருக்கு ஒரே கழிப்பறை, இன்னொன்றில் உணவு மூட்டை என்பதும் யூ-96 வகைக் கப்பலில் நடந்ததுதான். போல்ட்டுகள் தோட்டா போலத் தெறித்ததை மட்டும் நான் பார்த்ததில்லை. கூச்சலும் அதிகம். எதிரி மேலே கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு ஸ்பேனர் கீழே விழுந்தாலே நெஞ்சு நின்றுவிடும்.

மொழிபெயர்ப்பாளர், கோவை:

‘நசுங்கெல்லை’ என்றால்? ‘ங்கா’ இல்லை, சுருக்கமாகவும் இருக்கிறது.

தூத்துக்குடி:

வேண்டாம் தம்பி. எல்லை என்றால் கோடு போட்டது போல ஆகிவிடும். சோதித்துப் பார்த்த ஆழம் எங்களுக்குத் தெரியும். நசுங்கும் ஆழம் வெறும் கணக்கு. கப்பல் பழசானால் அதுவும் மாறும். அந்தக் காட்சியில் ஆழமானியின் முள் இறங்க இறங்க எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது, எந்த எண்ணில் முடியும் என்று தெரியாததால்தான்.

மொழிபெயர்ப்பாளர், கோவை:

சரி. நாளை அனுப்ப வேண்டும். ‘நசுங்கும் ஆழம்’ என்றே எழுதிவிடுகிறேன். மதுரை, தூத்துக்குடி இரண்டும் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

தமிழாசிரியர், தஞ்சை:

அது சொல் அன்று, தொடர். கலைச்சொல் பட்டியலில் ‘நசுங்காழம்’ என்று என் பரிந்துரையையும் பதிந்துவையுங்கள். ‘நசுங்காவாழம்’ வேறு என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் போடுங்கள்.