இணைய வசை, மிரட்டல், மார்பிங் படம்: எதற்கு எந்தப் பிரிவு? 66ஏ இன்னும் இருக்கிறதா?

மாலதி_திண்டுக்கல்:
வணக்கம். ஊராட்சி நிதிச் செலவு பற்றி ஃபேஸ்புக்கில் எழுதும் ஒரு பெண்ணுக்காகப் புகார் மனு தயாரிக்கிறோம். பதிவுகளுக்குக் கீழே கெட்ட வார்த்தைகள் குவிகின்றன. ஒருவர் பிளாக் செய்தாலும் வேறு வேறு ஐ.டி.யில் வந்து இன்பாக்ஸில் எழுதிக்கொண்டே இருக்கிறார். அந்தப் பெண்ணின் முகத்தை ஆபாசப் படத்தோடு ஒட்டிச் சுற்றவிட்டிருக்கிறார்கள். ஒரு முகமூடிக் கணக்கிலிருந்து "வீடு தெரியும், வெட்டிருவோம்" என்று வந்திருக்கிறது. "காசு வாங்கிட்டு எழுதுறா" என்று சொல்பவர்களும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே மனுவில் 66ஏ (புண்படுத்தும் இணையச் செய்திகள் பற்றிய தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவு) போட்டுக் கொடுக்கலாம் என்கிறார் ஒருவர். அது ரத்தாகிவிட்டது என்கிறார் இன்னொருவர். எது சரி? மனுவை எப்படி எழுதுவது?

வழக்காடி:
66ஏ இல்லை. ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை முழுவதுமாக நீக்கிவிட்டது. அதற்குப் பிறகும் நிலையங்கள் வழக்கு போட்டுக்கொண்டே இருந்ததால், யார் மீதும் 66ஏ-வில் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022-இல் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. மனுவில் அந்த எண்ணை எழுதவே வேண்டாம்.

நீங்கள் சொன்னவை ஒரே குற்றம் அல்ல. ஒவ்வொன்றையும் தனித்தனிப் பத்தியாகப் பிரியுங்கள்.

திரும்பத் திரும்ப இன்பாக்ஸில் வருவது பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 78, அதாவது பின்தொடர்தல். முதல் முறைக்கு 3 ஆண்டு வரை சிறை. இந்தப் பிரிவுக்கு, அந்தப் பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டியிருக்க வேண்டும். பிளாக் செய்ததும் அதற்கு ஆதாரம்தான். ஆனாலும் "இனி எனக்கு எழுதாதீர்கள்" என்று ஒரே ஒரு வரி அனுப்பிவிட்டு, பிறகு பதிலே சொல்லாமல் இருப்பது மனுவுக்குப் பெரிய பலம். நடுவில் கோபத்தில் நாலு பதில் போட்டிருந்தால், எதிர்த்தரப்பு அதை "இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்" என்று மாற்றிவிடும்.

ஒட்டிய படத்துக்குப் பலரும் ஐ.டி. சட்டம் (தகவல் தொழில்நுட்பச் சட்டம்) 66இ போடுகிறார்கள். அது உண்மையான அந்தரங்கப் படத்தை எடுப்பதற்கும் பரப்புவதற்கும் உரியது, மார்பிங்குக்குப் பொருந்தாது. படம் ஆபாசம் என்றால் 67. வெளிப்படையான பாலியல் செயலைக் காட்டினால் 67ஏ, 5 ஆண்டு வரை, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம். பெயரைக் கெடுக்கவே பொய்யாக உருவாக்கிய மின்பதிவு என்பதால் பி.என்.எஸ். 336(4)-ஐயும் சேருங்கள்.

"வெட்டிருவோம்" என்பது பி.என்.எஸ். 351(3). முகமூடிக் கணக்கு என்பதால் 351(4)-உம் வரும். பெயரை மறைத்து மிரட்டினால் கூடுதலாக 2 ஆண்டு வரை என்று சொல்லும் பிரிவு அது. மனுக்களில் அதிகம் விட்டுப்போவதும் இதுதான்.

கெட்ட வார்த்தைகளில் பாலியல் அவமதிப்பாக உள்ளவற்றை மட்டும் பொறுக்கி பி.என்.எஸ். 79-இல் வையுங்கள். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியிருந்து, அவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராகவும் எழுதியவர் அப்படி இல்லாதவராகவும் இருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(ஆர்), (எஸ்). அந்த வழக்கை டி.எஸ்.பி.தான் விசாரிக்க வேண்டும்.

சேரன்:
வழக்காடி சொன்னதோடு உடன்படுகிறேன். "மட்டும் பொறுக்கி" (தேர்ந்தெடுத்து) என்று அவர் சொன்னதை மட்டும் அடிக்கோடிடுகிறேன். மனம் புண்பட்டது என்பதே குற்றமாகாது. பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த அரசியல் சாசனம் 19(2) எட்டுக் காரணங்களைத்தான் தருகிறது. எரிச்சல், தொல்லை, அசௌகரியம் அதில் இல்லை. 66ஏ விழுந்ததே அதனால்தான். 2012-இல் புதுச்சேரியில் ஒரு சிறுதொழில் நடத்துபவரை அரசியல் ட்வீட் ஒன்றுக்காக அந்தப் பிரிவில்தான் கைது செய்தார்கள். அப்படி ஒரு சட்டம் இன்று இருந்தால், ஊராட்சிக் கணக்கைக் கேட்கும் இந்தப் பெண் மீதுதான் முதலில் பாயும்.

வெறும் கெட்ட வார்த்தையை ஐ.டி. சட்டம் 67-க்குள் தள்ளாதீர்கள். கொச்சையும் ஆபாசமும் ஒன்றல்ல என்று 2024 மார்ச்சில் ஓர் இணையத் தொடர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பழைய ஐ.பி.சி. 294(பி), இப்போதைய பி.என்.எஸ். 296(பி), நம்ம ஊர் நிலையங்களில் பழக்கத்தில் போடுவது. பொது இடத்தில் பேசியதற்கான பிரிவு அது, இன்பாக்ஸுக்கு நிற்காது.

"காசு வாங்கிட்டு எழுதுறா" என்பது அவதூறு, பி.என்.எஸ். 356. 2016-இல் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் குற்ற அவதூறு செல்லும் என்று தீர்ப்பானது உண்மைதான். ஆனால் அதற்கு போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட முடியாது. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும், 3 ஆண்டுக்குள். இதை இந்த மனுவில் கலந்தால் "இது கோர்ட்டுக்குப் போக வேண்டிய விஷயம்மா" என்று மொத்தத்தையும் திருப்பி அனுப்ப வழி கிடைத்துவிடும். பெயர் சொல்லாமல் "யாரோ காசு கொடுக்குறாங்க போல" என்பது போன்ற சந்தேகப் பேச்சுக்கு வழக்கே வேண்டாம் என்பது என் கருத்து. பொது விஷயம் எழுதுபவர் அந்த அளவு தாங்கித்தான் ஆக வேண்டும். வெட்டுவேன் என்பதைத் தாங்க வேண்டியதில்லை.

பகிர்ந்தவர்கள் "நான் எழுதலையே" என்பார்கள். அது எடுபடாது. 2018-இல் பெண் பத்திரிகையாளர்கள் பற்றிய இழிவான பதிவைப் பகிர்ந்த எஸ்.வி.சேகர் வழக்கை ரத்து செய்ய 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை.

கணினித்தடயம்:
பிரிவு எவ்வளவு சரியாக இருந்தாலும் சான்று இல்லையென்றால் வீண். அதிகம் நடக்கும் தவறு, பயத்திலோ அருவருப்பிலோ முதலில் அழித்துவிடுவது, அல்லது தளத்துக்கு ரிப்போர்ட் அடித்துவிட்டுப் பிறகு ஸ்கிரீன்ஷாட் தேடுவது. முதலில் சேமிப்பு, பிறகுதான் ரிப்போர்ட்.

வெட்டாத ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தேதி, நேரம், முகவரிப் பட்டை மூன்றும் தெரிய வேண்டும். கணக்கின் பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அதனால் ப்ரொஃபைல் இணைப்பையும், ஒவ்வொரு கமெண்டின் தனி இணைப்பையும் நகலெடுத்து ஒரு தாளில் வரிசையாக ஒட்டுங்கள். பக்கத்தைத் திறப்பதிலிருந்து கமெண்ட் வரை ஒரே ஓட்டமாக ஸ்கிரீன் ரெக்கார்டிங்கும் எடுங்கள். அசல் கைபேசியை ரீசெட் செய்யவோ விற்கவோ கூடாது.

நீதிமன்றத்தில் நகலைக் காட்ட பி.எஸ்.ஏ. (புதிய சாட்சியச் சட்டம்) 63(4) சான்றிதழ் வேண்டும். பகுதி ஏ-வில் கைபேசிக்குப் பொறுப்பானவர், பகுதி பி-யில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். கோப்பின் ஹேஷ் மதிப்பையும் (கோப்புக்குக் கைரேகை போன்ற குறியீடு, கோப்பு மாறினால் அதுவும் மாறும்) குறிக்க வேண்டும். எடுத்த அன்றே ஹேஷ் கணக்கிட்டு எழுதி வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கி ஹேஷ் மாறிவிடும். பென் டிரைவில் கொடுங்கள்.

இன்னொன்று, காலக்கெடு. கணக்கை அழித்த பிறகு அதன் பதிவு விவரங்களைத் தளம் வைத்திருக்க வேண்டிய காலம் 2021 ஐ.டி. விதிகளின்படி 180 நாள்தான். முகமூடிக்காரர் யார் என்று தெரிய அந்த விவரம்தான் வழி. ஆகவே "தளத்துக்கு உடனே, விவரங்களை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லும் தரவுப் பாதுகாப்புக் கடிதம் அனுப்புங்கள்" என்று மனுவின் கோரிக்கையிலேயே எழுதுங்கள்.

மாலதி_திண்டுக்கல்:
மிக்க நன்றி. நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். போடாமல் சி.எஸ்.ஆர். ரசீது (புகார் பெற்றதற்கான ஒப்புகை) மட்டும் கொடுத்து, "மிரட்டலுக்கெல்லாம் கோர்ட் அனுமதி வேணும்" என்றால் என்ன சொல்வது?

வழக்காடி:
கோர்ட் அனுமதி இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத குற்றம் மட்டும் இருந்தால்தான் அந்தப் பதில் சரி. பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்ற நடைமுறைச் சட்டம்) 174(4)-ஐக் காட்டுங்கள். ஒரு குற்றமாவது போலீஸ் நேரடியாக விசாரிக்கக்கூடியதாக இருந்தால் வழக்கு முழுவதுமே அப்படித்தான். உங்களிடம் பி.என்.எஸ். 78, 79, ஐ.டி. சட்டம் 67 இருக்கின்றன. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை என்பதால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்த 173(3) இடம் தருகிறது. அதைச் செய்தால் மறுக்க முடியாது, ஆனால் 14 நாள் கணக்கை நீங்கள் வைத்திருங்கள். அதற்கு மேலும் இழுத்தால் 173(4)-இன்படி எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் மனு. அதுவும் நகராவிட்டால் பிரமாண வாக்குமூலத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் 175(3).

ஐ.டி. சட்டப் பிரிவு சேர்ந்தால் விசாரிப்பவர் ஆய்வாளர் நிலைக்குக் குறையக் கூடாது. எஸ்.ஐ. விசாரித்துக் குற்றப்பத்திரிகை போட்டால் அங்கேயே வழக்கு உடையும். மாவட்ட சைபர் கிரைம் நிலையத்தில் கொடுப்பதே நல்லது. தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் பதியலாம். பெயர் சொல்லாமல் பதிந்தால் பிறகு நிலையை அறிய முடியாது, ஆகவே பெயரோடு பதியுங்கள். 1930 பண மோசடிக்கான எண்.

கணினித்தடயம்:
படத்தை நீக்க வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். 2021 விதிகளின் 3(2)(பி)-இல் மார்பிங் படமும் அடங்கும், பாதிக்கப்பட்டவர் சார்பில் நீங்களே புகார் தரலாம். முதலில் கெடு 24 மணி நேரமாக இருந்தது. விதிகள் திருத்தப்படுவதால் மனு எழுதும் நாளில் அமலில் உள்ள கெடுவைப் பார்த்துக் குறிப்பிடுங்கள். தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு விதி எண்ணோடு, ஒவ்வொரு படத்தின் இணைப்பையும் தனித்தனியாக அனுப்புங்கள். "என் படங்களை நீக்குங்கள்" என்று பொதுவாக எழுதினால் வேலை நடக்காது. பதில் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனில் போகலாம்.

சம்மதமின்றி அந்தரங்கப் படங்கள் பரவுவதைத் தடுக்கும் ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. தளத்திலும் பதியச் சொல்லுங்கள். படம் அவர் கைபேசியை விட்டு வெளியே போகாது, ஹேஷ் மட்டும்தான் போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற பங்கேற்கும் தளங்களில் அதே படம் மறுபடி ஏறினால் பிடிக்கும். யாராவது படத்தை நன்றாக வெட்டி மாற்றி ஏற்றினால் நழுவிவிடும். அந்தப் பதிப்பையும் சேமித்துத் தனியாகப் பதிய வேண்டும்.