மறு: செதில்பூச்சியின் நடமாடும் பருவத்துக்கு ஒரு சொல்

அன்புடையீர்,

போன்சாய் (தொட்டியில் வளர்க்கும் குறுமரம்) வளர்ப்பவர்களுக்கான கையேட்டில் இந்த ஒரு சொல்லில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறேன்: மரச்சாறு உறிஞ்சும் செதில்பூச்சியின் நடமாடும் குஞ்சை ஆங்கிலத்தில் ‘crawler’ என்கிறார்கள், தமிழில் என்ன சொல்வது? நீங்கள் அனுப்பிய பரிந்துரைகளில் ‘முதல்நிலை இளம் உயிரி’ என்பதை மட்டும் உடனே தள்ளிவைக்கிறேன், பொறுத்தருள்க. ஒரு கையில் சோப்புத் தண்ணீரும் மறுகையில் பழைய பல்துலக்கியுமாக மரத்தின் முன் நிற்பவருக்கு அது எதையும் சொல்லாது.

பெயர் தேடும் பொருளை மீண்டும் ஒருமுறை பார்த்துவிடுவோம். தாய்ப்பூச்சி கிளையில் ஒட்டிய சிறு சிப்பிபோல அசையாமல் கிடக்கிறது. அதன் அடியிலிருந்து அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஆறுகால் குஞ்சுகள் வெளிவருகின்றன. சில மணி நேரம், மிஞ்சினால் ஓரிரு நாள் அலைந்துவிட்டு, பிடித்த இடத்தில் ஊசிவாயைக் குத்தி உட்கார்ந்துவிடுகின்றன. உடலுக்கு மேல் தனி ஓடு கட்டும் கவசச் செதில்பூச்சி என்றால் முதல் தோலுரிப்பிலேயே கால்களும் போய்விடும். மேலே ஓடு கட்டிவிட்டால் சோப்புத் தண்ணீர் வழிந்தோடுமே தவிர உள்ளே சேராது. ஆக, தெளிப்பு நன்றாகப் பலிக்கும் காலம் அந்த அலைச்சல் காலம். சொல்லும் அதைத்தான் காட்ட வேண்டும்.

> ‘தவழி’ சுருக்கமாக, அழகாக இருக்கிறதே?

அழகுதான். ஆனால் குழந்தை தவழ்ந்து பிறகு நடக்கும். இது நடந்துவிட்டு உட்காருகிறது. மேலும், ‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ என்கிறோம். எறும்பு தவழ்ந்ததாக யாரும் சொல்லவில்லை. பூச்சிக்குரிய வினை ஊர்தல். எனவே என் முன்மொழிவு: ஊர்குஞ்சு.

> குஞ்சு பறவைக்கு அல்லவா?

மீனுக்கும் உண்டே! அசுவினி, தத்துப்பூச்சி ஆகியவற்றின் இளம் பருவத்தை நம் வேளாண் நூல்கள் குஞ்சு என்றே எழுதிவருகின்றன. உழவருக்குப் பழகிய சொல்லை விட்டுவிட வேண்டாம்.

> வினைத்தொகை முக்காலமும் உணர்த்தும். உட்கார்ந்த பிறகும் அது ஊர்குஞ்சுதானா?

இந்தத் தடை என்னை இரண்டு நாள் படுத்தியது. விடையாக இன்னொரு சொல் கிடைத்தது: உட்கார்ந்துவிட்டால் அமர்குஞ்சு. ஊர்குஞ்சுக்குத் தெளிப்பு, அமர்குஞ்சு முற்றி ஓடு தடித்தால் பல்துலக்கி. ஒரு வரியில் முறையே அடங்கிவிடுகிறது.

இன்னொரு பரிந்துரையான ‘பரவுபூச்சி’யும் எனக்கு ஒப்பவில்லை, அதில் பகைப்பூச்சி என்ற தொனி இருக்கிறது. அரக்குப் பூச்சியும் செதில்பூச்சி இனம்தான். ஜார்க்கண்டில் அரக்கு வளர்ப்போர் தாய்ப்பூச்சி நிறைந்த குச்சிகளைப் புது மரத்தில் கட்டிவிட்டு, குஞ்சுகள் ஊர்ந்து ஏறுவதற்காகக் காத்திருக்கிறார்கள். நமக்குப் பகையாக இருப்பது அவர்களுக்கு விதை. சொல்லில் வசவு ஏறக் கூடாது.

எறும்பு ஏறினால் செதில்பூச்சி என்று அறியலாம் என ஒருவர் எழுதியிருந்தார். தனி ஓடு கட்டாத மென்செதில்பூச்சிக்கும் அதன் உறவான மாவுப்பூச்சிக்கும் அது சரி. அவை கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு வரும். கவசச் செதில்பூச்சி அந்த நீரைக் கழிப்பதில்லை. எறும்பு இல்லையே என்று நிம்மதியாக இருந்து என் ஆலம் போன்சாயில் இரண்டு கிளைகளை இழந்தேன். வளைப்பதற்காகச் சுற்றிய கம்பிக்கு அடியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. இப்போது இருபுறமும் பசையுள்ள டேப்பைக் கிளையில் சுற்றிவைத்து வாரம் இருமுறை உருப்பெருக்கியில் பார்க்கிறேன். மஞ்சள் புள்ளிகள் ஒட்டியிருந்தால் ஊர்குஞ்சு கிளம்பிவிட்டது. அன்றே தொட்டி மண்ணைத் துணியால் மூடிவிட்டுத் தெளித்துவிடுவேன்.

மாவுப்பூச்சி வளர்ந்த பிறகும் கால்களை இழப்பதில்லை. அதன் இளம் பருவத்துக்கும் இச்சொல் பொருந்துமா, வெறும் ‘குஞ்சு’ போதுமா என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். மெய்ப்புப் பார்க்கும் நண்பருக்கு ஒரு வேண்டுகோள்: நடுவில் ‘க்’ சேர்த்துவிடாதீர்கள், ஊர்க்குஞ்சு என்றால் கோழி வளர்ப்போர் வாங்கிச் செல்வார்கள்.