கிளைக்கிராமத்துப் பிள்ளைகளின் படிப்பு: வின்சென்ட் தே பவுல் சபையினர் பகிர்வு

கிளைச்சபைப் பொருளாளர்:
ஏழைகளுக்கு உதவும் நம் கத்தோலிக்கச் சபை, 1833இல் பாரிசில் ஒசானாம் என்ற மாணவரும் நண்பர்களும் தொடங்கிய நாளிலிருந்தே பொதுநிலையினர் சபை, அதாவது குருக்கள், துறவியர் அல்லாத சாதாரண விசுவாசிகளின் சபை. ஏழை வீட்டுக்கு நேரில் போவதுதான் முதல் வேலை. படிப்புதவிக்கும் அதே வழிதான். இருவராகப் போங்கள், பெண்பிள்ளை இருக்கும் வீடென்றால் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். திருவிழா மேடையில் ஏற்றி நோட்டுப் புத்தகம் கொடுக்கவே வேண்டாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கூசிப்போய் அடுத்த வருடம் பெயரே கொடுக்காது. நம் சபைக் கூட்டத்தில் சுற்றிவரும் காணிக்கைப் பையில் யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாமல் பார்த்துக்கொள்கிறோமே, வாங்குகிறவருக்கும் அந்த மறைவு வேண்டாமா?

கட்டணத்தைப் பள்ளியிலேயே கட்டி ரசீதைக் கணக்கில் ஒட்டுங்கள். விடுதிச் சாப்பாட்டுச் செலவு மாதிரியானதை மாதாமாதம் கொடுங்கள். மொத்தமாகக் கொடுத்தால் வட்டிக்காரர் முந்திக்கொள்வார். ஜூனிலேயே கையிருப்பைத் தீர்த்துவிட்டால் தேர்வுக் கட்டணத்துக்கும் இரண்டாம் செமஸ்டருக்கும் கைவிரிக்க வேண்டியதுதான். பாதியைத் தொடாமல் வையுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை:
இயேசுவுக்கே புகழ். பையில் சேருவதைவிட அரசுப் பணம் பெரிது. அது காகிதத்தில்தான் சிக்கிக்கொள்கிறது.

ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் சாதிச் சான்று பி.சி. (பிற்படுத்தப்பட்டோர்) என்றே வரும். ஆனால் பிளஸ் ஒன் முதல் கிடைக்கும் கல்வி உதவித்தொகையில், ஆதிதிராவிடர் நலத்துறையின் கீழ், மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடருக்கும் இடம் உண்டு. சான்றில் பி.சி. என்று பார்த்ததும் எழுத்தர் பி.சி. படிவத்தை நீட்டிவிடுவார். ஆதிதிராவிடர் நலத்துறைப் படிவம்தான் வேண்டும் என்று அங்கேயே சொல்லுங்கள்.

திருமுழுக்கில் ஒரு பெயர், பள்ளியில் ஒன்று, ஆதாரில் ஒன்று. அந்தோணி, ஆண்டனி ஆகிவிட்டால் போதும், விண்ணப்பம் நின்றுவிடும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அச்சாகிவிட்டால் மாற்றுவது பெரும்பாடு, அதனால் ஒன்பதாம் வகுப்பிலேயே மூன்றையும் ஒத்துப் பாருங்கள். பணம் வரவில்லை என்றால் முதலில் வங்கியில் விசாரியுங்கள்: ஆதாரைக் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைத்தார்களோ அதில்தான் விழும். எப்போதோ ஆரம்பித்து மறந்துபோன கணக்காக இருக்கும்.

இன்னொன்று, பலருக்குத் தெரிவதில்லை. பள்ளி முடித்து மேற்படிப்பில் சேருகிறவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் என்ற மாநில அரசுத் திட்டங்களில் அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு, ஆனால் 6 முதல் 12 வரை தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். கான்வென்டில் இங்கிலீஷ் மீடியம் கிடைத்ததே என்று மகிழும் பெற்றோருக்குச் சேர்க்கையின்போதே இதைச் சொல்லிவிடுங்கள். முடிவை அவர்கள் எடுக்கட்டும்.

எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு எழுதித் தேறினால் நான்கு வருடத்துக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். குடும்ப வருமானம் 3,50,000க்குள் இருக்க வேண்டும். பாடக் கேள்விகள் 90, மனத்திறன் கேள்விகள் 90. பாடத்தில் நம் பிள்ளைகள் சமாளிப்பார்கள்; எண்தொடர், உருவக் கேள்வி எல்லாம் பழகாததால் கோட்டை விடுகிறார்கள். மாலை வகுப்பில் தினம் பத்துக் கணக்கு போட்டாலே வித்தியாசம் தெரியும்.

மாலை வகுப்புப் பொறுப்பாளர்:
டீச்சரம்மா சொன்னதோடு ஒன்று. பொங்கல் முடிந்தால் செங்கல் சூளை வேலைக்குக் கிளம்பும் குடும்பங்களை மார்கழியிலேயே பாருங்கள். பாட்டி வீட்டிலோ விடுதியிலோ பிள்ளையை விட முடியுமா என்று பேச அப்போதுதான் நேரம் இருக்கும், முன்பணம் வாங்கிவிட்டால் யார் பேச்சும் எடுபடாது. எட்டாம் வகுப்புக்குள் படிக்கும் பிள்ளை கூடவே போய்விட்டால் சூளைக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்க்கலாம். மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று மறுக்க 2009 கல்வி உரிமைச் சட்டம் இடம் கொடுப்பதில்லை.

வகுப்பில் வீட்டுப்பாடத்தில் தொடங்காதீர்கள். முதல் அரைமணி சத்தம் போட்டு வாசிக்கட்டும். ஆறாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு வீட்டுப்பாடம் வெறும் பார்த்தெழுதுவதுதான்.